பன்னிரண்டாவது கொக்கி

2016ஆம் ஆண்டு ஏப்ரல் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, ஜார்ஜியா மாநிலக் கடற்கரையை ஒட்டிய ஹாலோவே தீவில் காலைப் படகில் வந்து இறங்கிய சுற்றுலாக் குழு, பிரிட்சர்ட் மாளிகையைச் சுற்றிக்காட்ட டெல்ஃபீன்தான் வர வேண்டும் என்று கேட்டது.

கேட்டது ஓஸெல்லாவிடம். படகுத்துறையில் பழைய பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அவள் அமர்ந்திருந்தாள். வைக்கோல் தொப்பி அணிந்த ஒரு பெண் படியில் ஒரு காலை வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்கதானே டெல்ஃபீன்? என் தங்கச்சி போன மாசம் வந்துட்டுப் போனா. உங்க கதையைத்தான் வீடு பூராச் சொல்லிட்டிருக்கா" என்றாள்.

"இல்ல. அவ மாளிகையில இருப்பா. நான் வண்டி ஓட்டுறவ."

சொன்ன பிறகுதான் ஓஸெல்லாவுக்குத் தன் வாயிலிருந்து வந்தது காதில் விழுந்தது. வண்டி ஓட்டுகிறவள். பத்தொன்பது வருடங்களாக அந்தத் தீவில் வழிகாட்டி என்றால் அது ஓஸெல்லா மங்கின்தான். மாளிகை, கலங்கரை விளக்கம், சதுப்பு நிலம், கடற்கரை எல்லாமே அவள்தான். போன இலையுதிர் காலத்தில் மாமன் மகள் டெல்ஃபீன் அட்லாண்டாவில் பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அப்பாவின் பாழடைந்த வீட்டைச் சரிசெய்து கொண்டு தீவுக்கே திரும்பிவிட்டாள். ஒரு மாதம் கழித்து மாளிகையின் மேலாளர் வெஸ்லி டன், ஓஸெல்லாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். "மிஸ் ஓஸெல்லா, உங்க முழங்காலுக்கும் அந்த மாடிப்படிக்கும் ஆகவே ஆகாது. வெளி வேலை முழுக்க உங்களுது. வீட்டுக்குள்ள மிஸ் டெல்ஃபீன் பாத்துக்கட்டும்." நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால் அவன் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

மாளிகைக்குப் போகும் மண் சாலையின் இருபுறமும் ஓக் மரங்கள் கிளைகளைத் தரைவரை தாழ்த்தியிருந்தன. அவற்றில் தொங்கிய சாம்பல் நிறச் சடைப்பாசி பேருந்தின் கூரையைத் தடவிச் சென்றது. குட்டைப் பனைகளுக்கு நடுவே ஒரு காட்டுப் பசு நின்று பார்த்தது. ஓஸெல்லா வழக்கம்போல வண்டியை மெதுவாக்கினாள். பயணிகள் படம் எடுத்தார்கள். "இதுகளை யாரும் வளக்கலை. பெரிய வீட்டுக்காரங்க விட்டுட்டுப் போன மாட்டோட வம்சம்" என்றாள். யாரோ தலையாட்டினார்கள். வைக்கோல் தொப்பிக்காரி பின்னால் திரும்பி, டெல்ஃபீன் என்ன சொல்வாளாம் என்று தன் கணவனுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓஸெல்லா மாளிகையைக் காட்டிய காலத்தில் எல்லோரையும் முன்வாசல் வழியாகத்தான் அழைத்துப் போவாள். தூண்கள், இத்தாலியப் பளிங்கு, எந்த வருடம் கட்டியது, புயலில் எந்தப் பக்கம் இடிந்தது. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வந்து தங்கிய பிரிட்சர்ட் குடும்பத்தின் உருவப்படங்கள். அத்தனையும் மனப்பாடம், ஒரு தவறு வராது. டெல்ஃபீன் வந்த முதல் நாளே பின்பக்கம் போய், வேலைக்காரர்கள் வரும் குறுகிய கதவைத் திறந்து, "என் அத்தை ஹெஸ்டர் பதினஞ்சு வயசுல இந்தக் கதவு வழியாத்தான் உள்ள வந்தா. முன்வாசலை அவ கூட்டியிருக்கா, தாண்டினதில்ல" என்று ஆரம்பித்தாள். பயணிகள் வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். இப்போதும் அப்படித்தான் போகிறார்கள்.

அத்தை ஹெஸ்டர் என்பது ஓஸெல்லாவின் அம்மா.

டெல்ஃபீன் 'அத்தை' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஓஸெல்லாவுக்கு நகக்கண்ணில் சிலாம்பு ஏறியது போல இருக்கும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பேருந்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில், மழைக்கு ஒதுங்குகிற சாக்கில், சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே இருந்த பரிமாறும் அறையில் வந்து நின்றுகொள்வாள். அந்தக் கதவிடுக்கில் நின்றுதான் தன் அம்மாவைப் பற்றித் தெரிந்துகொண்டாள். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத கோடையில், எஜமானியின் காலணியைப் போட்டுக்கொண்டு நடனக்கூடத்தில் அம்மா தனியாக ஆடியிருக்கிறாள். உணவு ஏற்றும் சின்ன லிப்டுக்குள் பேய் இருக்கிறது என்று பயந்து அதனோடு பேசிக்கொண்டே தட்டுகளை வைத்திருக்கிறாள். படகில் வேலை செய்த ஒருவனைக் கட்டிக்கொள்ள இருந்தாள். அவன் ஓஸெல்லாவின் அப்பா இல்லை. இதில் ஒன்றுகூட ஓஸெல்லாவுக்குத் தெரியாது. ஐம்பது வருடங்களுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தவள். அவளிடம் அம்மா பேசியதெல்லாம் கோழிக்குப் போட்டியா, கதவைச் சாத்து மணல் வருது, தலையில எண்ணெய் வை, ஏன் இவ்வளவு நேரம். மற்றதெல்லாம் எந்த நேரத்தில், எந்த மூலையில், மாமன் மகளிடம் போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

அன்றைக்கு மழை உண்மையாகவே வந்தது. ஓஸெல்லா ஈரத் தோளோடு பரிமாறும் அறையில் நின்றாள். சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி முன் டெல்ஃபீன் நிற்பது தெரிந்தது. ஓஸெல்லாவைவிட ஒரு வயது இளையவள்; ஆனால் நரைத்த முடியை ஒட்ட வெட்டி, காதில் மரத்தாலான பெரிய தோடு போட்டு, பார்க்கப் பத்து வயது குறைவாக இருந்தாள். அலமாரிக்குள் பன்னிரண்டு பித்தளைக் கொக்கிகள். பதினொன்றில் தங்க விளிம்பும் நீலக் கொடியும் போட்ட பீங்கான் கோப்பைகள் தொங்கின. கடைசிக் கொக்கி காலி.

"ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னுதான் இத்தனை வருஷமா எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தோம்" என்றாள் டெல்ஃபீன்.

சொல்லிக்கொண்டிருந்தது ஓஸெல்லா.

"உடையலை. அதுல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். விருந்தாளி முன்னாடி விரிசல் விட்ட கோப்பையை வைக்க முடியுமா? எஜமானியம்மா என் அத்தைகிட்டக் குடுத்து, சதுப்புல வீசிடுன்னு சொன்னாங்க. அத்தை மாவுச்சாக்குத் துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா. சமையலறை அலமாரியில ஒரு காலி நெய் டப்பாவுக்குள்ள அது அறுபது வருஷம் இருந்துச்சு. யாருக்கும் தெரியாது. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வெளிய எடுப்பா. அவ கடைசியாக் குடிச்ச காபியும் அதுலதான். மத்தியானம் குடிச்சா, சாயங்காலம் போயிட்டா."

பயணிகளில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வைக்கோல் தொப்பிக்காரி கண்ணைத் துடைத்தாள். ஓஸெல்லா பின்கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கி, பேருந்தில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஊரில் ஒருவர் இறந்தால், அவர் கடைசியாகக் குடித்த பாத்திரத்தைக் கல்லறை மேல் வைப்பார்கள். அடியில் ஓர் ஓட்டை விழ உடைத்துத்தான் வைக்க வேண்டும். உடைக்காவிட்டாலும், வேறு எதையாவது வைத்துவிட்டாலும், இறந்தவர் தன்னுடையதைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவின் கல்லறையில் ஊர் முழுக்கப் பார்க்க ஓஸெல்லா வைத்தது நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் குவளை. விடிகாலையில் அவளே அதில் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பறவை பார்க்க வந்த ஒரு கூட்டத்தைத் தீவின் வடமுனைக்கு அழைத்துப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது குவளை கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா படுக்கையில் சாய்ந்திருந்தாள். வார இறுதிக்கு வந்திருந்த டெல்ஃபீன் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மழை விட்டதும் கடற்கரைக்குப் போக வேண்டும். குழு கெஞ்சியதால் டெல்ஃபீனும் பேருந்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் இருப்பதைக் காட்டும் கண்ணாடியில் டெல்ஃபீன் தலைக்குப் பின்னால் தலைகள் சாய்ந்து சாய்ந்து அவளிடம் பேசுவது தெரிந்தது. அலை அரித்து வேரோடு சாய்த்த ஓக் மரங்கள் வெள்ளை எலும்புக்கூடுகளாக மணலில் கிடந்தன. வழக்கமாக ஓஸெல்லா பேசாமல் நிறுத்துகிற இடம் அது. பார்ப்பவர்களே வாயடைத்து நிற்பார்கள். அன்றைக்குப் பேச்சு நிற்கவில்லை. கரை ஒதுங்கிய லாடநண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "டெல்ஃபீன், இது என்ன, கொட்டுமா?" என்று கேட்டார்கள்.

"அதெல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க. இந்தக் கடலுக்கு ராணி என் அத்தை மகதான். ஓஸெல்லா, சொல்லேன்."

அவள் விட்டுக்கொடுத்தது இன்னும் எரிந்தது. எடுத்துக்கொண்டவளிடமிருந்து கொஞ்சம் திரும்பக் கிடைப்பது போல. ஓஸெல்லா நண்டின் வாலைப் பிடிக்காமல் ஓட்டைப் பிடித்து வாங்கி, கொட்டாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி, அலைக்குள் விட்டாள்.

மாலை வீட்டில் அவள் கணவன் ரூஃபஸ் இறாலை உரித்துக்கொண்டிருந்தான். பயணிகள் படகில் கயிறு கட்டுகிற வேலை அவனுக்கு. யார் எதற்காகக் குமுறினாலும் கயிற்றைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பான். சிக்கு எங்கே என்று.

"அம்மா கடைசியா எதுல காபி குடிச்சா?" என்றாள் ஓஸெல்லா.

"எனக்கெப்படித் தெரியும்? நான் படகுல இருந்தேன்."

"டெல்ஃபீனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஊரான் ஊரானுக்கெல்லாம் சொல்லிட்டிருக்கா. நான் பெத்த பொண்ணு, எனக்குத் தெரியாது."

"நீ உங்கம்மாவைப் பெக்கலையே."

"ரூஃபஸ்."

"சரி, சரி. வயிறு எரியுதுன்னா சோடா உப்பு மேல் தட்டுல இருக்கு. ஒரு ஸ்பூன் போட்டுக் குடி."

அவள் நிமிர்ந்து மேல் தட்டைப் பார்த்தாள். அம்மாவின் அலமாரி. அதன் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. காலையில் சமைத்து முடித்ததும் அவள்தான் மூடிவிட்டுப் போயிருந்தாள். மூன்று வருடமாக இதே கதைதான். ராத்திரி மூடினால் காலையில் திறந்திருக்கும். ரூஃபஸ் இரண்டு தடவை இழைத்துப் பார்த்துவிட்டான், கொண்டியை மாற்றினான்.

"கடல் காத்து. மரம் ஊதத்தான் செய்யும்" என்றான் அவள் பார்வையைத் தொடர்ந்து.

"நெய் டப்பா எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? அம்மாவோட பழைய நெய் டப்பா?"

"அந்த அலமாரியிலதான். எதுக்கு?"

ஓஸெல்லா எழுந்து போய்க் கதவை மூடினாள். இந்த முறை, உள்ளே ஒருவர் எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது முகத்தில் அறைந்து மூடியது போல அவளுக்கே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நேராக டெல்ஃபீன் வீட்டுக்குப் போனாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. வீட்டின் ஜன்னல் சட்டங்களுக்குப் புதிதாக நீலச் சாயம் அடித்திருந்தது. அடுப்பில் தக்காளியும் பன்றிக் கொத்துக்கறியும் போட்ட சிவப்புச் சோறு வெந்துகொண்டிருந்தது. அந்த மணம்கூட அம்மாவின் கைமணம்தான். ஓஸெல்லா எத்தனை தடவை செய்தும் அவளுக்கு வராத மணம்.

கோப்பை சமையலறை ஜன்னல் விளிம்பில் வெயிலில் இருந்தது. ஓஸெல்லா நின்றபடியே அதைப் பார்த்தாள். மிகவும் சின்னதாக இருந்தது. இவ்வளவு சின்னதுக்காகவா என்று ஒரு நொடி தோன்றியது.

"உக்காருடி" என்றாள் டெல்ஃபீன். "நேத்தே வருவேன்னு பாத்தேன். பரிமாறுற அறையில நீ நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"எத்தனை நாள்தான் சொல்லாம இருக்கிறது. மே மாசம் மாளிகை விழாவுக்கு இதை அந்தக் கொக்கியில மாட்டப்போறோம். வெஸ்லிகிட்டச் சொல்லிட்டேன், சந்தோஷத்துல குதிக்கிறான். கீழே அத்தை பேரு எழுதி வைப்பாங்க. ஹெஸ்டர் மங்கின். அந்த வீட்ல பிரிட்சர்ட் பேரைத் தவிர வேற ஒரு பேரு இருக்கா சொல்லு?"

"அது கல்லறைக்குப் போகணும்."

"ஓஸெல்லா..."

"அன்னைக்குக் கல்லறையில நீயும் நின்ன. நான் குவளையை உடைச்சப்போ என் பக்கத்துல நின்ன. வாயைத் திறந்தியா நீ? மூணு வருஷமா அந்தப் பொம்பள என் சமையலறைக் கதவைத் திறந்து தேடிட்டிருக்கா. நான் கொண்டியை மாத்துறேன்!"

டெல்ஃபீன் அடுப்பைத் தணித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"என் கைப்பையில இருந்துச்சு. கல்லறைக்குக் கொண்டுதான் வந்தேன். நீ அந்தக் குவளையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு முன்னால நடந்து வந்த. ஊரே ஒதுங்கி வழி விட்டுச்சு. அப்போ எப்படிச் சொல்றது? சொல்லியிருக்கலாம். சொல்லலேன்னா இது எனக்கே வந்துரும்னும் தெரிஞ்சுது. ரெண்டும்தான்."

"எல்லாம் உனக்குத்தானே வந்துச்சு. கதை உனக்கு. கோப்பை உனக்கு. கடைசி வாய் காபியும் உன் கையால. எனக்கு என்ன வந்துச்சு? கோழிக்கூடு."

டெல்ஃபீன் திரும்பினாள். சிரிப்பது போலத்தான் இருந்தது, சிரிக்கவில்லை.

"எங்கம்மா செத்தப்போ எனக்கு ஏழு வயசு. தினம் உங்க வீட்டுக்கு வந்து அந்த மேசையில உக்காருவேன். உனக்கு அந்த எனாமல் குவளையில பால் ஊத்தித் தருவா. அவளும் அதுலயே குடிப்பா. ஒருநாள் நீ வெளிய போயிருந்தப்போ, எனக்கும் அதுலயே குடுங்க அத்தைன்னு கேட்டேன். 'அது எங்களுதும்மா, அழுக்கு. உனக்கு நல்லது தரேன்'னு இதை எடுத்தா. வளந்த பிறகும் அப்படித்தான். நான் தனியா வந்தா இது வெளிய வரும். இது விருந்தாளிக் கோப்பை ஓஸெல்லா. விருந்தாளிக்குத்தான் கதை சொல்லுவாங்க. வீட்டு ஆளுக்கு யாரு கதை சொல்லுவா? உன்னைத் திட்டுனா. என்னை ஒரு தடவகூடத் திட்டுனதில்ல தெரியுமா, ஒரே ஒரு தடவ."

ஓஸெல்லாவுக்கு மனம் இளகவேண்டிய இடம் என்று புரிந்தது, இளகவில்லை. திட்டு வாங்கியதை ஒரு சொத்து போல யாரும் அவள் முன் எண்ணிக் காட்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜன்னலருகே போய்க் கோப்பையைக் கையில் எடுத்தாள். உள்ளே அடியில் பழுப்பாக ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நீ இதைக் கழுவலையா?"

"இல்ல."

"இதுல நீ குடிக்கலையா?"

"அத்தை குடிச்ச பிறகு யாரும் குடிக்கலை. கழுவ மனசு வரலை."

ஓஸெல்லா வளையத்தை விரலால் தொடப்போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். "வெஸ்லி கழுவுவான்" என்றாள் மெதுவாக. "அலமாரியில எது போனாலும் முதல்ல கழுவுவாங்க. ஏதோ மருந்துத் தண்ணி வெச்சிருக்காங்க, பஞ்சுல தொட்டுத் தொட்டு. நான் பாத்திருக்கேன். ஒரு பொட்டு விட மாட்டாங்க."

டெல்ஃபீன் அதை யோசித்திருக்கவில்லை. முகத்தில் அது அப்படியே தெரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வர ஆரம்பித்தது. இரண்டு பேரும் எழவில்லை. கடைசியில், "சரி. ஆனா நானும் வருவேன்" என்றாள்.

மறுநாள் காலை கடல்நீர் வற்றியபோது போனார்கள். கல்லறைத் தோட்டம் ஓடைக்கரையில் ஓக் மரங்களுக்குக் கீழே இருந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. நீர் வடிந்த சதுப்பில் நண்டுகள் சேற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தன. அழுகிய முட்டை போன்ற அந்தச் சேற்று நாற்றம் ஊர்க்காரர்களுக்கு நாற்றமே இல்லை. வாசலில் ஓஸெல்லா நின்றாள். உள்ளே இருப்பவர்களிடம் கேட்காமல் நுழையக்கூடாது.

"அம்மா, நான்தான். உள்ள வரலாமா?"

காற்று பாசியை அசைத்தது. அவள் கால் எடுத்து வைத்தாள். டெல்ஃபீன் வெளியிலேயே நின்றாள்.

"என்ன நிக்கிற? கேட்டுட்டு வா."

"நீ கேட்டது போதாதா? எனக்கும் சேத்து..."

"அவங்கவங்க கேக்கணும். அட்லாண்டாவுல மறந்துட்டியா?"

"அத்தை," என்றாள் டெல்ஃபீன். குரல் மாளிகையில் பேசும் குரலாக இல்லை. "டெல்ஃபீன் வந்திருக்கேன்." வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

கல்லறைகள் மேல் தட்டுகள், விளக்குகள், நின்றுபோன கடிகாரங்கள், மருந்துக் குப்பிகள் இலைச் சருகில் பாதி புதைந்து கிடந்தன. எனாமல் குவளை துருப்பிடித்து, ஓட்டை வழியாக ஒரு புல் முளைத்திருந்தது. தீவில் கல் கிடையாது, மணலும் சிப்பியும்தான். அதனால் பேருந்திலிருந்து ஸ்பானர் கொண்டுவந்திருந்தாள் ஓஸெல்லா. முழங்கால் வலிக்க மண்டியிட்டு, கோப்பையைக் கவிழ்த்து, அடியில் லேசாகத் தட்டினாள். ஓட்டை மட்டும் விழும் என்று நினைத்தாள். பழைய விரிசல் வழியாக அது மொத்தமாகப் பிளந்து, பிடி தனியே தெறித்து விழுந்தது.

"போதும்" என்றாள் டெல்ஃபீன், யாரோ அடிபடுவதைத் தடுப்பது போல.

ஓஸெல்லா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குவளைக்குப் பக்கத்தில் அடுக்கினாள். காபி வளையம் இருந்த துண்டு மேலே தெரியும்படி வைத்தாள். "இதுதானே கேட்ட, வெச்சுக்கோ" என்றாள் அம்மாவிடம். அழுகை வருமென்று நினைத்தாள். முழங்கால் வலிதான் வந்தது. எழுவதற்காகக் கையை ஊன்றித் திரும்பியபோது, டெல்ஃபீன் குனிந்து சருகிலிருந்து எதையோ எடுத்துக் கோட்டுப் பைக்குள் போடுவது தெரிந்தது. தங்கக்கோடு போட்ட பிடி.

கல்லறையிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதன் சொந்தக்காரர் எடுத்தவர் பின்னாலேயே வீட்டுக்கு வருவார். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அந்த ஊரில் இது தெரியும். அதனால்தான் அங்கே யாரும் ஒரு கண்ணாடிச் சில்லைக்கூடத் தொட மாட்டார்கள். ஓஸெல்லா சொல்ல வாயெடுத்தாள். முப்பது வருடம் அட்லாண்டாவில் இருந்தவள், மறந்திருப்பாள் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஒரு ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், முக்கால்வாசி எனக்குக் கிடைத்ததே என்று இன்னொரு பக்கம். பேசாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று இரவு அலமாரிக் கதவு திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஓஸெல்லா நிம்மதியாகத் தூங்கினாள். ரூஃபஸிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள். காற்று திசை மாறிவிட்டது என்றான் அவன். இரண்டாவது வாரம், காலையில் சமையலறைக்குள் வந்ததும் முதலில் அந்தக் கதவைத்தான் பார்க்கிறோம் என்பதைக் கவனித்தாள். மூடியே இருந்தது. கொண்டிக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தாள். கடல் பக்கத்து ஜன்னலை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாள். மேசையெல்லாம் மணல் படிந்தது, கதவு அசையவில்லை. இத்தனை வருடம் தொல்லை என்று எதைத் திட்டிக்கொண்டிருந்தாளோ, அதுதான் அந்த வீட்டில் அம்மா பேசிய பேச்சு என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

மே மாத விழாவில் பன்னிரண்டாவது கொக்கி காலியாகவே இருந்தது. வெஸ்லிக்கு வருத்தம். "அந்தக் கோப்பை அதோட இடத்துக்குப் போயிருச்சு. அந்த இடத்துக்கு நான் உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்று டெல்ஃபீன் பயணிகளிடம் சொன்னாள். அவர்களுக்கு அது முந்தைய கதையைவிடப் பிடித்திருந்தது. பரிமாறும் அறையில் நின்ற ஓஸெல்லா, கதை இன்னும் நன்றாகிவிட்டதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் படகுத்துறைக்கு டெல்ஃபீன் வந்தாள். ரூஃபஸ் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஓஸெல்லா பேருந்தில் இருந்தாள். எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன.

"ரூஃபஸ், உன் இழைப்புளியை எடுத்துக்கிட்டு ஒரு நாள் வாயேன். என் சமையலறை அலமாரிக் கதவு தானாத் திறந்துக்குது. ராத்திரி மூடுனா காலையில திறந்து கெடக்குது."

"கடல் காத்து" என்றான் ரூஃபஸ்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் டெல்ஃபீன். பேருந்துப் பக்கம் அவள் பார்க்கவில்லை. குரல் மட்டும் பேருந்துக்கும் கேட்கிற அளவில் இருந்தது. குறை சொல்கிறவள் குரலாக அது இல்லை.

ஓஸெல்லா கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சருகில் கிடந்த பிடி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மறதி இல்லை, ஒரு ஞாபகத்துக்கும் இல்லை. டெல்ஃபீன் எல்லாம் தெரிந்துதான் குனிந்து எடுத்திருக்கிறாள். தனக்கு ஏன் தோன்றவில்லை?

படகிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் ஜன்னலருகே வந்து, டெல்ஃபீனை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ரூஃபஸ் இழைப்புளியோடு போனான். திரும்பி வந்து, டெல்ஃபீன் கதவைத் தொடவே விடவில்லை, காபி கொடுத்து அனுப்பிவிட்டாள் என்றான். அன்றிரவு படுக்கப் போகுமுன் ஓஸெல்லா தன் சமையலறை அலமாரிக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். காலையில் அது வைத்தபடியே இருந்தது.